பெல்ட் இணைப்பா, நேரடி இணைப்பா? உயர் அழுத்தக் கழுவு இயந்திரம் ஒன்றை அமைப்பதற்கு முன்

கொழும்பில் வாகனம் கழுவுவதையோ, மழைக்காலத்துக்குப் பின்னர் மதிலிலும் முற்றத்திலும் படியும் பாசியை அகற்றுவதையோ தொழிலாக எடுத்துக்கொள்பவர், சிறிது காலத்தில் ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார். கடையில் கிடைக்கும் ஆயத்த இயந்திரத்தை வாங்குவதா, அல்லது எஞ்சினையும் பம்பையும் தனித்தனியாக வாங்கி, இரும்புச் சட்டகம் ஒன்றில் பொருத்தி, பெல்ட்டால் இணைத்துக்கொள்வதா என்பதே அக்கேள்வி. பெரும்பாலானோர் இதனை எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள். 13 குதிரைவலு எஞ்சின் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்திருக்கிறது, அதற்கு எந்தப் பம்பைப் பூட்டலாம் என்று விசாரிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. முதலில் பம்பையும் அது சுழல வேண்டிய வேகத்தையும் முடிவு செய்தால், பெல்ட் வேண்டுமா வேண்டாமா என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும். எஞ்சினா மின்மோட்டாரா என்பது அதன் பின்னர் எழ வேண்டிய கேள்வி.

வேகமே முதற் கேள்வி

சிறிய பெற்றோல் எஞ்சின்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,600 சுற்று வேகத்தில் தமது முழு வலுவைத் தருகின்றன. உயர் அழுத்தப் பம்புகளோ இரண்டு குடும்பங்களாகப் பிரிந்து நிற்கின்றன. ஒன்று, 3,400 சுற்றுக்கென வடிவமைக்கப்பட்டு, உட்குழிவான தண்டு மூலம் எஞ்சின் தண்டிலேயே செருகப்பட்டு, எஞ்சினின் முகத்தில் நேரடியாகப் போல்ட் செய்யப்படுவது. கடைகளில் காணும் ஆயத்தப் பெற்றோல் இயந்திரங்களுள் அநேகமானவை இவ்வகையே. மற்றொன்று, 1,450 அல்லது 1,750 சுற்றில் ஓடும் மூன்று பிளஞ்சர் பம்பு, அதாவது முன்னும் பின்னும் அசைந்து நீரைத் தள்ளும் மூன்று உருளைகள் கொண்டது. இதில் வெளியே நீட்டிய திடமான தண்டு இருக்கும், பெரும்பாலும் 24 மில்லிமீற்றர் விட்டம். இவ்விரு வேகங்களும் தற்செயலாக வந்தவை அல்ல. நான்கு முனை மின்மோட்டார் (உள்ளே நான்கு காந்த முனைகள் கொண்டது) ஒன்று 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறக்குறைய 1,450 சுற்றும், 60 ஹேர்ட்ஸில் 1,750 சுற்றும் சுழலும். இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா, மோதெனா பகுதிகளில் தயாராகும் பம்புகளில் 1,450 என்ற எண் அடிக்கடி காணப்படுவதும், அமெரிக்கச் சந்தைக்கான பம்புகளில் 1,750 காணப்படுவதும் இதனாலேயே. இலங்கையின் மின்சாரமும் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 1,450 சுற்றுப் பம்பே நமக்கு இயல்பாகப் பொருந்துகிறது. இந்த ஒரு விவரம் பின்னர் தெரிவுகளை எடைபோடும்போது பெரிய பயன் தரும்.

ஒரே பம்பை வேறு வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு நீரைத் தள்ளும் பம்பு இது. ஆகவே நீரின் அளவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். 1,750 சுற்றில் நிமிடத்துக்கு 15 லீற்றர் தரும் பம்பை 1,450 சுற்றில் ஓட்டினால் பன்னிரண்டரை லீற்றர் அளவே கிடைக்கும், வேறு தீங்கு இல்லை. ஆனால் 1,450 சுற்றுப் பம்பை எஞ்சின் வேகத்திலேயே நேரடியாக ஓட்டுவது அதனைச் சில நாட்களில் அழித்துவிடும்: பிளஞ்சர்களில் நீர் கசியாமல் தடுக்கும் முத்திரைகள் (சீல்) சூடேறித் தேயும், உள்ளிழுக்கும் பக்கத்தில் நீர் போதாமற் குமிழிகள் உருவாகி வெடித்து வால்வுகளை அரிக்கும்.

எஞ்சினின் 3,600 சுற்றைப் பம்பின் 1,450 சுற்றுக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உள்ளன: கியர் பெட்டி, பெல்ட். கியர் பெட்டி சிறியது, பாதுகாப்பானது, இழுவையைச் சரிபார்க்கும் வேலை இல்லாதது. ஆனால் குறித்த எஞ்சினின் முகத்துக்கும் குறித்த பம்பின் தண்டுக்கும் பொருந்தும் பெட்டியை இங்கே தேடிப் பிடிப்பது கடினம். அது பழுதானால் அதற்கு மாற்றுக் கிடைக்கும் வரை முழு இயந்திரமும் படுத்துவிடும். கொழும்பைப் பொறுத்தவரை இத்தெரிவை இத்துடன் விட்டுவிடலாம் என்றே நினைக்கிறேன்.

பெல்ட்டின் சிறப்பு வேகத்தைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. நேரடியாகப் போல்ட் செய்யப்பட்ட பம்பு எஞ்சினின் வெப்பத்தையும் அதிர்வையும் நாள் முழுவதும் வாங்கிக்கொள்கிறது. பெல்ட் இடையில் இருக்கும்போது இரண்டும் விலகி நிற்கின்றன. அதைவிட முக்கியமானது, இரண்டையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு ஆளிடம் பழுதுபார்க்க முடிகிறது என்பதே. மாடு நொண்டினால் வண்டியை விற்க வேண்டிய தேவை இல்லாத நிலை இது. எஞ்சின் போனால் அதே அளவுத் தண்டுள்ள வேறொரு எஞ்சினை வைக்கலாம். தண்டின் அளவு வேறாக இருந்தால்கூட ஒரு புல்லியை மாற்றினால் போதும். பஞ்சிகாவத்தையிலும் பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும் நடந்து திரிந்தே பாகங்களைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஊரில், இந்தப் பிரிந்து நிற்கும் தன்மைக்கு இருக்கும் மதிப்பு பட்டியல் விலையில் தெரிவதில்லை.

எவ்வளவு வலு வேண்டும்

கணக்கு எளியது. அழுத்தத்தைப் பார் என்ற அலகிலும் நீரின் அளவை நிமிடத்துக்கு லீற்றரிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, 600 ஆல் வகுத்தால் நீருக்குச் செல்லும் வலு கிலோவாட்டில் கிடைக்கும். பம்பின் இழப்புக்காக 0.85 ஆலும், பெல்ட்டின் இழப்புக்காக 0.95 ஆலும் மீண்டும் வகுத்தால் எஞ்சின் தண்டில் வேண்டிய வலு தெரியவரும். நிமிடத்துக்கு 15 லீற்றர், 200 பார் என்று எடுத்துக்கொண்டால், நீருக்கு 5 கிலோவாட்டும், எஞ்சின் தண்டில் 6.2 கிலோவாட்டும் தேவை. நிமிடத்துக்கு 11 லீற்றர், 150 பார் என்றால் எஞ்சின் தண்டில் 3.4 கிலோவாட் போதும்.

இனி எஞ்சினின் பக்கம். ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் குதிரைவலுவை அப்படியே நம்பக் கூடாது. 389 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஹொண்டா ஜிஎக்ஸ்390 நீண்ட காலம் 13 குதிரைவலு என்று அழைக்கப்பட்டது. தயாரிப்பாளர் இப்போது தரும் நிகர அளவு 3,600 சுற்றில் 11.7 குதிரைவலு, அதாவது 8.7 கிலோவாட். அதுவும் உச்ச அளவுதான். மணிக்கணக்காகத் தொடர்ந்து எடுக்கக்கூடியது 7 கிலோவாட் அளவே. ஆகவே 15 லீற்றர், 200 பார் என்பது இந்த வகுப்பு எஞ்சினின் நியாயமான எல்லை. 196 கன சென்ரிமீற்றர் ஜிஎக்ஸ்200 நிகரமாக 4.1 கிலோவாட் தருகிறது. அதற்கு 11 லீற்றர், 150 பார் என்பதே உச்சம், அதிலும் கை வைக்க இடமில்லை. இவ்விரண்டின் வடிவத்தைப் பின்பற்றிச் சீனாவில் தயாராகும் 188எஃப், 170எஃப் வகை எஞ்சின்கள் தண்டு அளவிலும் அடித்தள ஓட்டைகளிலும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் அவற்றில் எழுதியிருக்கும் குதிரைவலு எந்த முறையில் அளக்கப்பட்டது என்பது தெரியாதவிடத்து, கணக்கில் இருபது சதவீதம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

அழுத்தமா நீரின் அளவா முக்கியம் என்பது வேலையைப் பொறுத்தது. முச்சக்கரவண்டியின் அடியில் ஒட்டிய சேற்றை அடித்துக்கொண்டு போவது நீரின் அளவு. சீமெந்துத் தரையில் வேரோடிய கரும்பாசியை உரிப்பது அழுத்தம். ஒரே வலுவை எந்தப் பக்கம் செலவிடுவது என்பதே தெரிவு. அழுத்தத்தின் மேல் மட்டும் ஆசை வைப்பது வீண்: பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவரும், வர்ணம் பூசிய கோபுரச் சிற்பங்களும் 150 பாரையே தாங்கமாட்டா. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளை எந்த அழுத்தத்திலும் இந்த இயந்திரத்தால் கழுவக் கூடாது. மேற்பரப்பு உரிந்து நார்கள் வெளிவரும், அவை நுரையீரலுக்கு ஆபத்தானவை. வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் மறுக்க வேண்டிய வேலை அது.

மின்மோட்டார் என்ற போட்டியாளர்

மேலே சொன்ன 50 ஹேர்ட்ஸ் விவரம் இங்கேதான் உதவுகிறது. 1,450 சுற்றுப் பம்பை நான்கு முனை மோட்டாருடன் பெல்ட்டோ கியரோ இன்றி ஓர் இணைப்பான் மூலம் நேருக்கு நேர் பூட்டிவிடலாம். சத்தம் குறைவு, புகை இல்லை, எண்ணெய் மாற்றும் வேலை பாதியாகிறது. 15 லீற்றர், 180 பார் அளவில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் மின்சாரம் ஆறு அலகுகள் அளவில் செலவாகும். அதே வேலைக்குப் பெற்றோல் எஞ்சின் ஏறக்குறைய இரண்டரை லீற்றர் குடிக்கும். அன்றைய மின் கட்டணத்தையும் பெற்றோல் விலையையும் வைத்து எவரும் இதனை ரூபாயில் மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. 5.5 கிலோவாட் மோட்டாருக்கு 400 வோல்ட் மும்முனை (திரீ ஃபேஸ்) இணைப்பு வேண்டும்; வாகன சேவை நிலையத்தில் அது இருக்கும், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வாடிக்கையாளரின் வீட்டில் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. சாதாரண வீட்டில் உள்ளது 230 வோல்ட், 30 அம்பியர் ஒற்றைமுனை இணைப்பு. சதுரமுனைச் செருகி 13 அம்பியரோடு நின்றுவிடும். பழைய வீடுகளில் உள்ள 15 அம்பியர் வட்டமுனைச் செருகி சிறிது கூடுதலாகத் தாங்கும். இவற்றிலிருந்து நடைமுறையில் எடுக்கக்கூடியது 2 கிலோவாட் அளவுக்குட்பட்ட மோட்டார், அதாவது 10 லீற்றர், 100 பார் அளவிலான வேலை. அதற்கும் மேலே போனால் மோட்டார் புறப்படும் கணத்தில் இழுக்கும் பன்மடங்கு மின்னோட்டத்தில் வீட்டின் பிரதான சுவிட்ச் விழுந்துவிடும். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்.

எனவே ஓரிடத்தில் நிலையாக நின்று வேலை செய்பவருக்கு மும்முனை மோட்டாரே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலத்தடி வாகனத் தரிப்பிடங்களில் வேலை செய்பவருக்கோ மின்மோட்டாரைத் தவிர வேறு தெரிவே கிடையாது: மூடிய இடத்தில் பெற்றோல் எஞ்சின் வெளிவிடும் காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் இல்லாமல் ஆளைக் கொல்லும், அதற்குக் கதவைத் திறந்து வைத்தோம் என்பது காவலாகாது. வீடு வீடாகச் சென்று உழைப்பவருக்குத்தான் எஞ்சின் தேவைப்படுகிறது.

2022ஆம் ஆண்டை நினைவில் வைத்திருப்பவர்கள் எரிபொருளா மின்சாரமா எது நம்பகமானது என்று கேட்பார்கள். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. எரிபொருள் நிலையங்களில் கலன்களுக்குப் பெற்றோல் வழங்குவது நிறுத்தப்பட்டது. யூலையில் கியூஆர் அட்டைவழி வாராந்தப் பங்கீடு வந்தது. இரண்டுமே கைவிட்ட காலம் அது. அந்த அனுபவத்திலிருந்து எஞ்சினுக்கோ மோட்டாருக்கோ சாதகமாக வாதிட முடியாது. எதையும் பம்பிலிருந்து கழற்றி மற்றொன்றை மாட்டக்கூடிய அமைப்புக்குச் சாதகமாக மட்டுமே வாதிட முடியும்.

மலிவான மூன்றாவது வழியும் கனமான நான்காவதும்

தோட்டங்களிலும் வயல்களிலும் மருந்தடிக்கப் பயன்படும் மூன்று பிளஞ்சர் தெளிகருவிப் பம்பு பலருக்கும் தெரிந்தது. பெரிய புல்லியுடன் வரும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றை ஒட்டி ஓடும். 20 முதல் 40 பார் வரை தரும். சிறிய எஞ்சினோ ஒன்றிரண்டு குதிரைவலு மோட்டாரோ போதும். விலையில் மற்ற எல்லாவற்றையும் விடத் தாழ்ந்தது. முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள், வான் ஆகியவற்றைக் கழுவும் சிறு இடத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்று துணிந்து சொல்லலாம். சவர்க்கார நுரையில் ஊறிய சேற்றை 35 பார் நன்றாகவே அகற்றும், வர்ணத்துக்கும் இறப்பர் முத்திரைகளுக்கும் தீங்கு குறைவு. தரைப் பாசியை மட்டும் இது அசைக்காது. அதற்காக அழுத்தத் திருகை இறுக்கி இறுக்கிப் பார்ப்பவர்கள் பம்பின் வார்ப்பு உடலை வெடிக்க வைத்துக்கொள்கிறார்கள்.

லேண்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரத்தின் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பயன்படுத்துவோரும் உண்டு. அது 2,200 முதல் 2,400 சுற்றில் ஓடுவதால் 1,450 சுற்றுக்கு இறங்க 1.6 மடங்கு விகிதமே போதும்; புல்லிகள் சிறியனவாகின்றன, பெல்ட் நீண்ட நாள் உழைக்கிறது, எரிபொருளும் சிக்கனம். ஆனால் எஞ்சினே நூறு கிலோவைத் தாண்டும். பவுசரோ சிறு லொறியோ உள்ளவர், அதன் தட்டில் நிரந்தரமாகப் பூட்டி வைப்பதற்கு இது அருமையானது. கையால் தள்ளும் வண்டிக்கு ஆகாது.

குழாய்த் தண்ணீரை அளக்காமல் எதையும் வாங்க வேண்டாம்

எஞ்சினையும் பம்பையும் பற்றி இவ்வளவு பேசுபவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. பம்பு அழுத்தத்தை உருவாக்கும், நீரை உருவாக்காது. கொழும்புக்கு அம்பத்தலையிலிருந்தும் லபுகம, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் நீர், வீட்டின் அரை அங்குலக் குழாயை அடையும்போது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது தெருவுக்குத் தெரு, வேளைக்கு வேளை மாறுபடும். சோதனை எளிது: 20 லீற்றர் வாளி நிரம்ப இரண்டு நிமிடம் எடுத்தால் அந்தக் குழாய் நிமிடத்துக்கு 10 லீற்றர் தருகிறது. அதில் 15 லீற்றர் பம்பை நேரடியாகப் பூட்டினால் பம்பு காற்றை உறிஞ்சும். கைப்பிடி நடுங்கும், பம்பு கடகடக்கும், முத்திரைகள் போகும். கூரைத் தாங்கியும் இதற்கு முழுமையான தீர்வல்ல. பத்து மீற்றர் உயரம் ஒரு பார் அழுத்தம் தரும் என்பதால் நான்கு மீற்றர் உயரத் தாங்கி தருவது 0.4 பார் மட்டுமே. இடையில் உள்ள முழங்கைகளும் பழைய வால்வுகளும் அதையும் தின்றுவிடும்.

இதனால் பெல்ட் இணைப்பு இயந்திரத்துடன் மிதவை வால்வு பொருத்திய ஒரு பீப்பாயையும் விலையிற் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 200 லீற்றர்ப் பீப்பாய், பம்பு 15 லீற்றர் எடுக்க, குழாய் 9 லீற்றர் நிரப்ப, அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தாக்குப்பிடிக்கும். பீப்பாயின் நீர்மட்டம் பம்பை விட உயரத்தில் இருக்கட்டும். இடையில் உள்ள குழாய் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல், குறுகியதாக, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளாத தடித்த சுவருடன், வடிகட்டியுடன் இருக்கட்டும். ஆயத்த நேரடி இயந்திரங்கள் பெரும்பாலும் சிறு ஓட்டத்தோடு வருவதால் குழாயிலேயே சமாளித்துவிடும். இந்த வகையில் அவற்றுக்கு ஓர் உண்மையான அனுகூலம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பெல்ட்டை எப்படி அமைப்பது

170எஃப் வகுப்புச் சிறிய எஞ்சினை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் புல்லி 85 மில்லிமீற்றர், பம்பு புல்லி 205 மில்லிமீற்றர் என்றால் விகிதம் 2.41. சுமையேறிய நிலையில் எஞ்சின் 3,450 சுற்றில் ஓடும்போது பம்பு 1,430 சுற்றில் ஓடும். சுமையில்லாதபோது சிறிது மேலே போகும், அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. இரண்டு தண்டுகளின் மையங்களுக்கிடையே 350 மில்லிமீற்றர் விட்டால், பெல்ட்டின் நீளத்தை இவ்வாறு காணலாம்: மைய தூரத்தின் இரு மடங்கு, அதனுடன் இரு விட்டங்களின் கூட்டுத்தொகையை 1.57 ஆல் பெருக்கிய தொகை, அதனுடன் விட்டங்களின் வித்தியாசத்தின் வர்க்கத்தை மைய தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தது. கூட்டினால் 1,166 மில்லிமீற்றர் வரும், ஏறக்குறைய 46 அங்குலம். பெல்ட்டில் எழுதியிருக்கும் எண் உட்புற நீளமா, நடுக்கோட்டு நீளமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு, அண்மித்த அளவை வாங்கி, எஞ்சினின் அடிப் போல்ட் ஓட்டைகளை நீள்துளையாக வெட்டிவிட்டால் மிச்சத்தை இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

13 மில்லிமீற்றர் அகலமுள்ள ஏ வகைப் பெல்ட் இரண்டு, உட்புறம் பல்வெட்டு உள்ளவையாக, சிறிய எஞ்சினுக்குப் போதும். 188எஃப் வகுப்புக்கு 17 மில்லிமீற்றர் அகலமுள்ள பி வகையில், பல்வெட்டு உள்ளவையாக, இரண்டு எடுத்து, எஞ்சின் புல்லியை 110 மில்லிமீற்றராகவும் பம்பு புல்லியை 265 மில்லிமீற்றராகவும் பெரிதாக்குவது நல்லது. விகிதம் அதேதான், ஆனால் சிறிய புல்லியைச் சுற்றி வளையும் தடித்த பெல்ட் வெகு விரைவில் வெடிப்பதைத் தவிர்க்கலாம். ஒற்றைப் பெல்ட்டால் 13 குதிரைவலுவைக் கடத்த முயல்வது காசைக் கரைக்கும் வழி. இரண்டு பெல்ட்டுகளையும் ஒரே தயாரிப்பில், ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். ஒன்று தேய்ந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

புல்லியை லேத் பட்டறையில் கடைந்துகொள்பவர்கள் மூன்று விடயங்களை வற்புறுத்தட்டும். பள்ளத்தின் கோணமும் ஆழமும் பெல்ட்டுக்குப் பொருந்த வேண்டும். பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டால் வழுக்கும். எஞ்சின் பக்கப் புல்லி 3,600 சுற்றில் சுழல்வதால் அது நடுநிலை தப்பாமல் இருக்க வேண்டும். எஞ்சின் தண்டு பெரும்பாலும் அங்குல அளவிலும் பம்பின் தண்டு மில்லிமீற்றரிலும் இருப்பதால், புல்லியைத் தண்டோடு பூட்டும் கீயை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அளந்து வெட்ட வேண்டும். பொருத்தும்போது புல்லி எஞ்சினின் உடலை எவ்வளவு ஒட்டி இருக்க முடியுமோ அவ்வளவு ஒட்டி இருக்கட்டும். தண்டின் நுனியில் தொங்கும் புல்லி, இழுவை முழுவதையும் எஞ்சினின் பெயாரிங்கில் நெம்புகோலாக ஏற்றிவிடும். நேரான ஒரு கம்பியை இரு புல்லிகளின் முகத்திலும் வைத்துப் பார்த்தால் நேர்க்கோட்டில் உள்ளனவா என்பது தெரியும். இழுவையைப் பொறுத்தவரை, இரு புல்லிகளுக்கிடையே பெல்ட் தொங்கும் நீளத்தில் ஒவ்வொரு 100 மில்லிமீற்றருக்கும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் விரலழுத்தத்துக்கு இறங்கினால் சரி. புதுப் பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் தளரும் என்பதால் அதன் பின் ஒருமுறை கட்டாயம் மீண்டும் இழுக்க வேண்டும்.

சுழலும் திசையையும் கவனிக்க வேண்டும். இவ்வகை எஞ்சின்களின் தண்டை நேரே பார்த்தால் அது இடஞ்சுழியாகச் சுழல்கிறது. இரு தண்டுகளும் ஒரே பக்கம் நீண்டிருந்தால் பம்பும் அதே திசையில் சுழலும். பல பம்புகள் இரு திசையிலும் ஓடும் என்றாலும், உள்ளே எண்ணெய் தெறித்து உயவூட்டும் விதம் திசைக்குத் திசை மாறும். பம்பின் கையேடு சொல்லும் திசையைப் பார்த்த பின்னரே சட்டகத்தை வெல்டிங் செய்ய வேண்டும்.

விலைப்பட்டியலில் மறக்கப்படுபவை

ஆயத்த இயந்திரத்தின் விலையையும் தானே அமைப்பதன் விலையையும் ஒப்பிடுபவர்கள் எஞ்சின், பம்பு, இரும்பு என்ற மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நீரை வேறு வழியில் திருப்பிவிடும் அன்லோடர் வால்வு இல்லாமல் இந்தப் பம்பை ஓட்டவே முடியாது: கைப்பிடியை மூடியவுடன் நீருக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று வெடிக்கும். அன்லோடர் திருப்பிவிடும் நீரைப் பம்பின் வாயிலுக்கே சுற்றவிட்டால் சில நிமிடங்களில் அது சூடேறி முத்திரைகளைக் கெடுக்கும். பீப்பாய்க்குத் திருப்பிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பீப்பாய் வைத்திருப்பதன் இரண்டாவது பயன் அது. இவற்றுடன் 60 பாகை அளவில் திறந்து சூட்டுநீரை வெளியேற்றும் வால்வு, அன்லோடர் சிக்கிக்கொண்டால் காக்கும் பாதுகாப்பு வால்வு, அழுத்தமானி, பம்பின் அளவுக்கேற்ற நீர் பீச்சும் முனை (நொசில்) ஆகியவையும் வேண்டும். முனையின் எண்ணும் கணக்குக்கு உட்பட்டதே: 15 லீற்றர், 180 பாருக்கு 05 எண்ணும், 11 லீற்றர், 150 பாருக்கு 04 எண்ணும் பொருந்தும். பெரிய முனை போட்டால் அழுத்தம் ஏறாது, சிறியதைப் போட்டால் அன்லோடர் ஓயாமல் திறந்து மூடும்.

பெல்ட்டின் மேல் இரும்புக் கூடு கட்டாயம். சாரம் கட்டிக்கொண்டு வேலை செய்யும் ஊர் இது. துணி நுனி ஒன்று புல்லிக்குள் போனால் நேரம் கொடுக்காது. அதைப் போலவே நீர்த்தாரை தோலில் பட்டு ஒரு புள்ளி அளவுக் காயம் மட்டும் தெரிந்தாலும், உள்ளே நீரும் அழுக்கும் தசைக்குள் பாய்ந்திருக்கும். மருந்து தடவிவிட்டு இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய காயம் அது.

இவற்றையெல்லாம் சேர்த்தால், தானே அமைப்பது முதல் ஆண்டில் ஆயத்த இயந்திரத்தை விட மலிவாக வருவதில்லை. பெரும்பாலும் கூடுதலாகவே முடியும். மாதத்தில் ஓரிரு முறை தன் வீட்டையும் வாகனத்தையும் கழுவுபவர் இந்த முயற்சியில் இறங்குவதில் அர்த்தமில்லை. சிறிய மின் இயந்திரம் ஒன்று அவருக்குப் போதும். இலாபம் தினமும் பல மணி நேரம் ஓட்டுபவருக்கு, இரண்டாம் ஆண்டிலிருந்து வருகிறது. அரை வேகத்தில் ஓடும் பம்பின் முத்திரைகளும் வால்வுகளும் நீண்டு உழைக்கின்றன, போனாலும் தொகுதியாகக் கிடைக்கின்றன. எஞ்சின் வேறாகப் பழுதாகிறது, வேறாக மாற்றப்படுகிறது. வீடு வீடாகச் செல்லும் தொழிலுக்கு 188எஃப் வகுப்பு எஞ்சின், 15 லீற்றர் அளவில் 1,450 சுற்றுப் பித்தளைத் தலைப் பம்பு, 180 பார், இரட்டைப் பெல்ட், 200 லீற்றர்ப் பீப்பாய் என்ற சேர்க்கையையே நான் தெரிவு செய்வேன். காசு தட்டுப்பட்டால் எஞ்சினில் குறைக்கலாம், பம்பில் குறைக்கக் கூடாது. பாவித்த பம்பு வாங்குவதானால் எண்ணெய் காட்டும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்: எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் உள்ளே இறங்கியிருக்கிறது, அந்த விலையில் முத்திரைத் தொகுதியின் விலையையும் பெயாரிங்குகளின் விலையையும் கழித்தே பேச வேண்டும்.

பின்னொரு காலத்தில் நிலையான இடம் ஒன்று கிடைத்து மும்முனை மின்சாரமும் வந்துவிட்டால், இந்தப் பம்பு வீணாகாது. எஞ்சினை இறக்கிவிட்டு 5.5 கிலோவாட் நான்கு முனை மோட்டாரை அதே சட்டகத்தில் ஏற்றலாம். இணைப்பான் வாங்க மனமில்லாவிட்டால் இரு தண்டுகளிலும் ஒரே விட்டமுள்ள புல்லிகளைப் போட்டுப் பெல்ட்டையே வைத்துக்கொள்ளலாம். 15 லீற்றர், 180 பாருக்குப் பம்பின் தண்டில் 5.3 கிலோவாட் வேண்டும் என்பதால், பெல்ட்டின் இழப்பையும் சேர்த்தால் மோட்டார் அதன் எல்லையைத் தொட்டுவிடும். அப்போது அன்லோடரை 170 பாருக்குத் தளர்த்திவிட வேண்டும். முதல் ஓட்டத்தில் பம்பு எதிர்த்திசையில் சுழன்றால் மூன்று மின்கம்பிகளில் எவையேனும் இரண்டை இடம் மாற்றினால் திசை சரியாகிவிடும்.